கையில் ஒட்டாத பதம்: மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட் குறித்து வாசகர் கேள்விகள்

கேக் அலங்காரம் பற்றி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை வீட்டில் செய்யும் மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட்டையே சுற்றியிருந்தன. ஒரு கேள்விக்கான பதில் மற்றொன்றுக்கும் தேவைப்படுவதால், இந்த இதழில் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கேக்கின் மேல் துணி விரித்தாற்போல வழவழப்பாக இருக்கும் சர்க்கரைப் போர்வையை, மார்ஷ்மெல்லோவை வைத்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன். இதுவரை நான் பட்டர் கிரீம் மட்டுமே பூசிப் பழகியிருக்கிறேன். அளவையும் செய்முறையையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வீர்களா, அக்கா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. முதலில் அது என்ன பொருள் என்று புரிந்துகொண்டால் செய்முறை தானாகவே மனத்தில் நிற்கும். நாக்கில் நெருடாத அளவுக்கு நுண்ணிய சர்க்கரைத் துகள்களைச் சிறிதளவு கெட்டிப் பாகு ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பிசைவுதான் ஃபாண்டன்ட்; 'உருகுதல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பிசைவு கிழியாமல் நீள்வதற்கு ஜெலட்டினும், சர்க்கரை மீண்டும் பெரிய படிகங்களாகத் திரளாமல் இருப்பதற்குக் குளுக்கோஸ் பாகும் வேண்டும். இவற்றைத் தனித்தனியே வாங்கி, ஜெலட்டினை ஊறவைத்து, சூடாக்கிக் கலப்பது வழக்கமான முறை. மார்ஷ்மெல்லோவில் இவை எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், நாம் அதை உருக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, ஐசிங் சுகர் சேர்த்துப் பிசைந்து கெட்டியாக்கினால் போதும்.

450 கிராம் வெள்ளை மார்ஷ்மெல்லோ, 2 மேசைக்கரண்டி தண்ணீர், 900 கிராம் ஐசிங் சுகர், கைக்கும் மேடைக்கும் தடவுவதற்கு அரை கப் வெஜிடபிள் ஷார்டனிங் (வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் தாவரக் கொழுப்பு), நிறமற்ற வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள்; ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையான ஒன்றில் திகட்டலைக் குறைப்பது அந்தச் சிட்டிகைதான். ஐசிங் சுகரைக் கட்டாயம் சலித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்போது உடையாத சிறு கட்டி, நாளை விரிக்கும்போது போர்வையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும்.

உட்புறம் ஷார்டனிங் தடவிய ஒரு பெரிய கிண்ணத்தில் மார்ஷ்மெல்லோவையும் தண்ணீரையும் போட்டு, மைக்ரோவேவில் 30 வினாடிகள் வைத்து எடுத்துக் கிளறுங்கள். அப்படியே 30 வினாடிகளாக மூன்று நான்கு முறை செய்தால் உருகிவிடும். இரண்டொரு சிறு கட்டிகள் மிஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிட்டு, மீதியைக் கிண்ணத்தின் சூட்டிலேயே கிளறிக் கரைப்பது நல்லது. அளவு கடந்து சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிவிடும், ஜெலட்டினும் தன் பிடிமானத்தை இழக்கும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள், கொதிக்கும் தண்ணீர் இருக்கும் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து ஆவியிலேயே உருக்கலாம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.

எசன்ஸையும் உப்பையும் சேர்த்த பின், ஐசிங் சுகரில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 600 கிராமை, கரண்டியால் கிளறிக் கலந்துவிட்டு, கைபொறுக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள். உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் இங்கே அவசரம் கூடாது. பிறகு இரண்டு கைகளுக்கும், விரல் இடுக்குகளுக்கும், நகத்தின் பின்புறத்துக்கும்கூட ஷார்டனிங்கை நன்றாகப் பூசிக்கொண்டு, ஷார்டனிங் தடவிய மேடையில் கொட்டிப் பிசையத் தொடங்குங்கள். மீதி ஐசிங் சுகரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே போங்கள்.

முதல் மூன்று நிமிடங்கள் மனம் தளரும்படியாகத்தான் இருக்கும்: கையைத் தூக்கினால் வெள்ளை நூல்கள் மேடையிலிருந்து கூடவே எழும்பும், ஒரு கையை விடுவித்தால் மறு கை மாட்டிக்கொள்ளும். ஐந்தாறு நிமிடம் பிசைந்த பிறகு, எந்த நொடியில் என்று சொல்ல முடியாதபடி, நூல்கள் அறுந்து உருண்டை தனியாகத் திரண்டு நிற்கும். அதன் மேல் இருக்கும் மங்கலான சொரசொரப்பு மறைந்து லேசான பளபளப்பு ஏறும். அப்போது உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையை அழுத்தும்போதும் அதே மென்மை தெரிந்தால் நிறுத்திவிடலாம். சர்க்கரை மிஞ்சியிருந்தால் மிஞ்சட்டும். உருண்டையின் மேல் ஷார்டனிங்கை மெல்லியதாகத் தடவி, கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, ஓர் இரவு முழுவதும் அறை வெப்பத்திலேயே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஜெலட்டின் இறுகி, ஈரம் எங்கும் சமமாகப் பரவும். செய்த அன்றே விரித்ததற்கும் மறுநாள் விரித்ததற்கும் உள்ள வேறுபாடு கையிலேயே தெரியும்.

கேள்வி: செய்முறையில் எழுதியிருந்தபடி 900 கிராம் ஐசிங் சுகரையும் சேர்த்துவிட்டேன். பிசைந்து முடித்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் கல்லாகிக் கிடந்தது. எப்படியோ விரித்துப் போர்த்தினேன், கேக்கின் விளிம்பு முழுவதும் வறண்ட நிலம்போல வெடித்துவிட்டது. எந்த இடத்தில் தவறினேன்?

பதில்: தவறு உங்களுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெரும்பாலான செய்முறைகள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. எழுதப்பட்டிருக்கும் ஐசிங் சுகர் அளவு ஓர் உச்ச வரம்பு மட்டுமே. மார்ஷ்மெல்லோவில் இருக்கும் ஈரம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாறும், காற்றில் இருக்கும் ஈரப்பதமோ ஒவ்வொரு நாளும் மாறும். அதனால் ஒரு நாள் 700 கிராமில் சேரும் பதம் இன்னொரு நாள் 850 கிராமுக்குப் பிறகே சேரும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூடாக இருக்கும்வரை ஜெலட்டின் இளகியே இருக்கும். ஆகவே வெதுவெதுப்பான பிசைவு உண்மையான பதத்தைவிட அதிகமாக ஒட்டும். அந்த ஒட்டலைச் சர்க்கரையால் அடக்க நினைத்து மேலும் மேலும் தூவினால், ஆறிய பிறகு ஜெலட்டினும் இறுகி, கூடுதல் சர்க்கரையும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள் பார்த்த அந்தக் கல் உருவாகிவிடும். 700 கிராமைத் தாண்டியதும் கையை நிறுத்தி, உருண்டையைப் பத்து நிமிடம் மூடி வைத்து ஆறவிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். நான் இந்த ஒரு பழக்கத்தைத்தான் என்னிடம் கற்க வருபவர்களுக்கு முதலில் சொல்லித் தருகிறேன்.

கல்லாகிவிட்டதைத் தூக்கி எறிய வேண்டாம். சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் மைக்ரோவேவில் 5 முதல் 10 வினாடிகள் வைத்து, ஷார்டனிங் பூசிய கையால் பிசையுங்கள். அப்படியும் ஓரம் பிளந்தால், அரைத் தேக்கரண்டி தண்ணீரோ சில துளிகள் கிளிசரினோ சேர்த்துப் பாருங்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது; அதனால்தான் மென்மை தருகிறது, அளவு மீறினால் அதே காரணத்தால்தான் பிசுபிசுக்கவும் செய்கிறது.

விளிம்பில் வரும் அந்தச் சுருக்கத்தையும் வெடிப்பையும் கேக் செய்பவர்கள் 'யானைத் தோல்' என்றே அழைப்பார்கள். விரித்த தகட்டை மேடையில் திறந்தபடி போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும், ஒட்டாமல் இருக்கச் சோள மாவை அள்ளித் தூவுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள், ஏனென்றால் இரண்டுமே மேற்பரப்பை உலர்த்திவிடும். சோள மாவுக்குப் பதிலாக மேடையில் ஷார்டனிங்கை மெல்லியதாகத் தடவி விரித்துப் பழகுங்கள். போர்த்திய பிறகு தோன்றும் சிறு வெடிப்புகளை, விரல் நுனியில் துளி ஷார்டனிங் எடுத்து வட்டமாகத் தேய்த்தாலே மூடிவிடலாம்.

கேள்வி: ஷார்டனிங் கிடைக்காவிட்டால் வெண்ணெய் பயன்படுத்தலாமா?

பதில்: அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருப்பதால் பிசைவு ஒட்டும், வெள்ளை நிறமும் மஞ்சளாகச் சாயும். வாசனையற்ற தேங்காய் எண்ணெய் உறைந்த நிலையில் இருந்தால் அது வெண்ணெயைவிடப் பொருத்தமானது.

கேள்வி: முதல் நாளே கேக்கை அலங்கரித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் ஃபாண்டன்ட் முழுவதும் வியர்த்துவிட்டது. இதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நான் பழகத் தொடங்கிய காலத்தில் உறவினர் ஒருவருக்குச் செய்த கேக் கண்முன் வந்தது. வெள்ளைப் போர்வையின் மேல் அடர் சிவப்பு மலர்களை இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்துவைத்த கால் மணி நேரத்தில் இதழ்களின் மேல் ஊசிமுனை அளவுத் துளிகள் அரும்பின. அவை ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு மலரின் அடியிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடாக வெள்ளையின் மேல் இறங்கின. பதறிப்போய்த் துடைத்தேன், துடைத்த இடம் கரைந்து, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு வடுவாக மாறியது. அன்று அடைந்த வருத்தத்தில்தான் இதன் காரணத்தைத் தேடிக் கற்றுக்கொண்டேன்.

குளிர்ந்த பரப்பின் மேல் அறையின் ஈரக் காற்று படும்போது, அந்த ஈரம் துளிகளாகப் படிகிறது. சர்க்கரையோ அந்தத் துளிகளை உடனே உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. எனவே ஃபாண்டன்ட் போர்த்திய கேக்குக்கு ஏற்ற இடம் குளிர்ச்சியான, உலர்ந்த, வெயில் படாத அறைதான். உள்ளே பட்டர் கிரீமோ, சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷோ மட்டும் இருந்தால் ஒரு நாள் முழுவதும் வெளியிலேயே இருக்கலாம். புதுப் பழம், கிரீம் சீஸ், விப்பிங் கிரீம் போன்றவை உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜைத் தவிர்க்க முடியாது. என்னைக் கேட்டால், அத்தகைய கேக்குக்கு ஃபாண்டன்ட் வேண்டாம் என்றே சொல்வேன். வைத்தே ஆகவேண்டும் என்றால், கேக்கை அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் கிளிங் ஃபிலிமால் முழுவதும் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த பிறகு பெட்டியைத் திறக்காமலேயே இரண்டு மூன்று மணி நேரம் அறையில் விட்டுவிட்டால், ஈரம் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்துவிடும். அதையும் மீறி வியர்த்திருந்தால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மின்விசிறி ஓடும் அறையில் வைத்தால் பெரும்பாலும் தானாகவே உலர்ந்துவிடும்.

கேள்வி: அடர் சிவப்பும் கறுப்பும் எவ்வளவு நிறம் சேர்த்தாலும் வருவதில்லை. இளஞ்சிவப்பிலும் சாம்பலிலுமே நின்றுவிடுகிறது.

பதில்: நீங்கள் நீர்த்த திரவ நிறத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் நிறம் குறைவு, தண்ணீர் அதிகம். சேர்க்கச் சேர்க்கப் பிசைவு இளகிப்போகும், அதைச் சரிசெய்யச் சர்க்கரை தூவினால் நிறம் மறுபடி வெளிறும். ஜெல் நிறத்துக்கு மாறுங்கள். அடர் நிறம் வேண்டுமானால், ஐசிங் சுகர் சேர்ப்பதற்கு முன்பே, உருகிய மார்ஷ்மெல்லோவிலேயே நிறத்தைக் கலந்துவிடுங்கள். முடிவில் வரும் நிறம் உருகிய கலவையில் தெரிவதைவிட வெளிறியே இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பை வெள்ளையிலிருந்து தொடங்குவது வீண் முயற்சி: ஐசிங் சுகரில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோகோ தூளைச் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டால், சிறிதளவு கறுப்பு ஜெல்லே போதும், சுவையும் கூடும். கோகோ ஈரத்தை நிறைய உறிஞ்சும் என்பதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையும் இங்கே ஒரு நிறம்போலத்தான் வேலை செய்யும். இரவு முழுவதும் மூடி வைத்திருந்தால் சிவப்பும் கறுப்பும் ஒரு படி அடர்ந்துவிடும். ஆகவே முதல் நாளே அளவு கடந்து சேர்த்து, நாக்கில் கசப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். ஊதாவும் இளஞ்சிவப்பும் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும் நிறங்கள் என்பதால், அவற்றால் அலங்கரித்த கேக்கை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட்டை நாங்கள் செய்ய முடியுமா?

பதில்: நீங்கள் கேட்டது மிகவும் சரி, கேட்காமலேயே பலர் வாங்கிவிடுகிறார்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது, சாதாரண மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் அதைச் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது. ஆகவே உறையின் முன்பக்கத்து வாசகத்தை மட்டும் நம்பாமல், பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராகீனன் போன்றவற்றால் செய்த சைவ மார்ஷ்மெல்லோக்களும் விற்கப்படுகின்றன. அவை எல்லாம் ஒரே மாதிரி உருகுவதில்லை, நீட்சியும் குறைவாக இருக்கலாம். எனவே ஒரு கைப்பிடி அளவை முதலில் உருக்கிப் பார்த்துவிட்டு முழு அளவுக்குப் போங்கள். அகர் அகர் சேர்த்தவை பிடிவாதமாக உருகாமல் நிற்கும்: ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், அகர் அகருக்கோ 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நீட்சி போதாத பிசைவில் சிறிது சி.எம்.சி. தூள் (கேக் அலங்காரத்தில் சேர்க்கும், உண்ணத்தக்க பசைத் தூள்) சேர்த்தால் கிழிவது குறையும்.

கேள்வி: 20 சென்டிமீட்டர் வட்டக் கேக்குக்கு எவ்வளவு ஃபாண்டன்ட் வேண்டும்? போர்த்தும்போது அடிப்பக்கத்தில் மடிப்பு விழாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: கேக்கின் விட்டத்தோடு உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கேக்குக்கு 40 வரும்; பிடித்து இழுக்க ஓரத்தில் இடம் வேண்டுமென்பதால் 45 சென்டிமீட்டர் வட்டமாக, 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் விரியுங்கள். மேலே சொன்ன ஒரு தடவை அளவு இதற்குப் போதும், பூக்களுக்கும் கொஞ்சம் மிஞ்சும். 2 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் கேக்கின் ஒவ்வொரு மேடுபள்ளமும் வெளியே தெரியும், கிழியவும் செய்யும்.

போர்வை வழவழப்பாக இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் பூச்சுதான். டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு என்றும், வெள்ளைச் சாக்லேட்டானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்றும் செய்த கனாஷைப் பூசி, ஓர் இரவு இறுகவிட்டால், கூர்மையான விளிம்பு கிடைக்கும். விப்பிங் கிரீமின் மேல் நேரடியாகப் போர்த்தாதீர்கள். அதன் ஈரம் ஃபாண்டன்ட்டைக் கீழிருந்தே கரைத்துவிடும்.

விரித்த தகட்டைப் பூரிக்கட்டையில் சுற்றித் தூக்கி, கேக்கின் மேல் பிரித்துப் போடுங்கள். முதலில் மேற்பரப்பையும், உடனே மேல் விளிம்பையும் உள்ளங்கையால் தடவி ஒட்டிவிட வேண்டும், ஏனென்றால் தொங்கும் பாரத்தில் முதலில் கிழிவது அந்த விளிம்புதான். பிறகு பக்கங்களுக்கு வாருங்கள்: மடிப்பு விழும் இடத்தை அழுத்தி அமுக்காமல், ஒரு கையால் பாவாடைக் கொசுவத்தை விரிப்பதுபோல வெளிப்பக்கமாக மெல்ல விரித்துக்கொண்டே, மறு கையால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தால் மடிப்பு தானாகக் கலைந்துவிடும். காற்றுக்குமிழி தெரிந்தால், சுத்தமான மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தி, காற்றை அந்தத் துளைப்பக்கமாகத் தள்ளி வெளியேற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஊசியை எடுத்துவைத்தோமா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்னப் பொம்மைகள் செய்தால் நிற்காமல் சரிந்துவிடுகின்றன. இதழ்களும் வளைந்து தொங்குகின்றன.

பதில்: மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட் இயல்பிலேயே மென்மையானது, போர்த்துவதற்கு அது வரம், உருவம் செய்வதற்கு அதுவே குறை. சுமார் 250 கிராமுக்கு 1 தேக்கரண்டி சி.எம்.சி. அல்லது டைலோஸ் தூளைப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்த பிறகு செய்யுங்கள். விழாவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே செய்து, காற்றோட்டமான இடத்தில், டப்பாவில் அடைக்காமல் உலரவிடுங்கள். உடலை முதலில் நிறுத்தி, அது இறுகிய மறுநாள் தலையை ஒட்டினால் கழுத்து அமுங்காது. உள்ளே தாங்கலாகக் குச்சி வைத்திருந்தால், கேக்கை வெட்டுபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், குழந்தைகளின் தட்டுக்குப் போகும்முன் எடுத்துவிடுங்கள். கம்பி கட்டிய பூக்களை நேரடியாகக் கேக்கில் செருகாமல், ஒரு ஸ்ட்ராவுக்குள் நுழைத்துச் செருகுங்கள்.

கேள்வி: மிஞ்சிய ஃபாண்டன்ட் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: சுத்தமான கையால் பிசைந்து, ஷார்டனிங் தடவி, கிளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். கேக்கிலிருந்து எடுத்த துண்டுகளையும் கிரீம் பட்ட ஓரங்களையும் அதோடு சேர்க்காதீர்கள், அவை மொத்தத்தையும் கெடுத்துவிடும். டப்பாவின் மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது சில வினாடிகள் சூடாக்கி, கை படிய ஐந்து நிமிடம் பிசைந்த பிறகு விரியுங்கள்.